குடையால் கடலைத் தட்டிய அக்காவுக்கு

அக்கா, போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கருவாட்டுக்காரர் திருக்கையைத் துண்டு போட்டுக் குவித்திருந்தார். அந்த வாடை பட்டதும் கால் நின்றுவிட்டது. வாங்கவில்லை. நீங்கள் போன பிறகு எங்கள் வீட்டில் திருக்கைக் குழம்பு வைப்பதில்லை.

தலைச்சோலை எஸ்டேட்டில் பதினாறு வருடம் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்று காப்பிப் பழம் பறித்தோம். உங்கள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கரடியூரில் இருந்த ஒரே தங்கையோடும் பேச்சு நின்று பல வருடம். அதனால்தான் கார்த்திகை மாதம் சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வயிற்றில் கட்டி, ஆபரேஷனுக்கும் காலம் கடந்துவிட்டது என்றார்.

"என்ன கண்ணு சொன்னாங்க?" என்று கேட்டீர்கள்.

"வெறும் புண்ணாமுங்க அக்கா. மாத்திரையில ஆறிருமுங்க."

மறுநாளே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் மூட்டையையும் நானே தூக்கினேன். அதைப் பெரிய உதவி என்று நினைத்த மடச்சி நான்.

பறிப்பு முடிந்து தை மாதக் கடைசியில் எல்லோரும் வேன் பிடித்து ராமேஸ்வரம் போனோம். அங்கிருந்து தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறினோம். ஒரு தீவுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் இறக்கிவிட்ட படகுக்காரர் சொன்னார்: "காலைத் தூக்கி வைக்காதீகம்மா. மணல்ல தேய்ச்சு நடங்க. திருக்கை புதைஞ்சு கெடக்கும். மிதிச்சாத்தான் முள்ளால அடிக்கும்."

நமக்கு வேறு நடை ஏது? வேருக்கும் அட்டைக்கும் பயந்து, காலைத் தூக்கி வைத்தே மலையில் பழகிவிட்டோம். இரண்டடி வைப்பதற்குள் நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். காப்பிச் செடிக்குள் கை விடும் முன், பாம்பு கிடந்தால் விலகட்டும் என்று தூரில் குச்சியால் தட்டுவோமே, அதே மாதிரி வெயிலுக்குப் பிடித்திருந்த குடையை மடக்கித் தண்ணீருக்குள் விட்டு மணலைத் தட்டினீர்கள். என் காலுக்கு ஒரு சாண் முன்னால் தரையே எழுந்தது. முறம் அகலத்தில் ஒரு திருக்கை. ஓரமெல்லாம் முந்தானை போல அலைய, வாலை நீட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் விலகிப் போனது. பின்னாலேயே இன்னும் இரண்டு போயின. உப்புத் துண்டாக மட்டுமே பார்த்திருந்த மீன் உயிரோடு இத்தனை அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"நொம்ப அழகா இருக்குதுங்க அக்கா" என்றேன்.

நீங்கள் அவை போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தட்டிச் சொன்னா அது பாட்டுக்கு அதும் வழியப் பாத்துக்குது பாரு. எங்கிட்டயும் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் ஆக வேண்டியதப் பாத்திருப்பேன் கண்ணு."

"எப்ப இருந்து தெரியுமுங்க?" என்றேன்.

"எம்மூட்டைய நீ தூக்குன அன்னைக்கே சந்தேகம்தான். ஆனா நீ எங்கிட்ட மறைக்க மாட்டேன்னு இருந்துட்டேன். வேன்காரங்ககிட்டச் சொல்லு, கரடியூர்ல என்னைய எறக்கி உடட்டும்."

நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

தங்கை வீட்டில் நீங்கள் இருந்தது இருபத்திரண்டு நாள். அவர்தான் உங்களுக்குக் கஞ்சி ஊட்டினார், தலை வாரிவிட்டார். கடைசி நாளன்று உங்கள் காலைக் கட்டிக்கொண்டு, "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா அக்கா? அப்பவும் எம்மேல கோவமா?" என்று கதறினார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

நான் மறைத்ததை நீங்களும் அவரிடம் சொல்லவில்லை. உங்களுக்கு வர மனமில்லை என்றே அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இரண்டு மாதத்தை நான்தான் உங்கள் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டேன் அக்கா. இதுவரை சுமந்தது போதும். நாளைக்கு முதல் பஸ்ஸில் கரடியூர் போகிறேன். கேட்ட பிறகு அவர் என்னை உள்ளே விடாமல் போகலாம். வாசலிலேயே நின்றாவது சொல்லிவிடுகிறேன்.