ஜெபத்துக்காகச் சொன்னது

பிப்ரவரி 4
தையல் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜிஷா மாத்திரை விழுங்கியதைப் பார்த்துவிட்டேன். வலிப்புக்காம். கடைசியாக வந்து ஐந்து வருடமாகிறது, மாத்திரையை நிறுத்தவில்லை. “பெண்ணு பாத்துட்டுப் போன பாறசாலை ஆளுக்கிட்ட நானே சொல்லப் போறேன். அதுவரைக்கும் யாருட்டயும் சொல்லாதே லேகா.”
சொல்லமாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 6
ஜெபக்கூட்டம் முடிந்து, அதை நடத்தும் ஆலீஸ் அக்காவிடம் சொன்னேன். ஜெபத்துக்காகத்தான். வேறெதற்கு?

பிப்ரவரி 13
“வலிப்போட கலியாணத்துக்கு நிக்கிற நம்ம தையல்காரப் பிள்ளைக்காக” என்று ஆலீஸ் அக்கா கூட்டத்தில் சத்தமாக ஜெபித்தாள். பெயர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

பிப்ரவரி 17
பாறசாலைக்காரர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஜிஷா இன்னும் அவனிடம் பேசியிருக்கவே இல்லை.

பிப்ரவரி 18
ஜிஷா பக்கத்து வீட்டுப் புஷ்பபாய் அக்காவைச் சந்தேகப்படுகிறாள். “மொத தடவை வந்தப்ப ஆட்டோவில கொண்டு போனது அவங்களாக்கும். உன்னையும் அவங்களையும் விட்டா வேற யாருக்குத் தெரியும்? நீ சொல்லமாட்டே.”
புஷ்பபாய் அக்காவுக்குப் பெரிய வாய். பனச்சமூடு சந்தையில் ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். ஆனால் இதை எட்டு வருடம் பேசவில்லையே. என்னிடம் இரண்டு நாள்தான் தங்கியது.
வாயைத் திறக்கவில்லை நான். ஏன் — பயமா?

பிப்ரவரி 23
கோள் சொல்கிறவர்கள் சிநேகிதரைப் பிரிப்பார்கள் என்று போதகர் பிரசங்கித்தார். எல்லோரும் திரும்பிப் புஷ்பபாய் அக்காவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நானும்! சீ.

பிப்ரவரி 24
ஜிஷாவிடம் சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்தினாள்.
“அந்த அக்காளை இனி எனக்க வீட்டுப்படி ஏறாதீங்கோன்னு சொல்லிப்போட்டேனே.”
“ஜெபத்துக்காகத்தான் ஜிஷா—”
“ஜெபத்துக்குன்னா தெய்வத்துக்கிட்டல்லா சொல்லணும்?”

பிப்ரவரி 27
கூட்டத்தில் எழுந்து, “ஜிஷா காரியத்தை வெளியே விட்டது நான், புஷ்பபாய் அக்கா இல்லை” என்றேன். ஆலீஸ் அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 9
ஜிஷா பேசுவதில்லை. கத்தரிக்கோலைக் கேட்டால் தருகிறாள். அவ்வளவுதான்.

மார்ச் 20
காலையில் பஸ் நிறுத்தத்தில் புஷ்பபாய் அக்காவும் ஜிஷாவும் நின்றிருந்தார்கள். ஜிஷா கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.
“நெய்யாற்றின்கரைக்குத் துணி எடுக்கப் போறோம் பிள்ளே!” புஷ்பபாய் அக்கா ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். ஜிஷா என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.
கடையில் எல்லோரும் கேட்டார்கள், ஜிஷா எங்கே என்று.
“துணி எடுக்கப் போயிருக்கா” என்றேன்.