கூச்சத்தைப் போக்கும் துண்டறிக்கை

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலையின் நடுவில் லாக்லன் மாடிக்குக் கூப்பிட்டான். மேலாளர் கூப்பிட்டால் ஏதோ கேமராவில் சிக்கியிருக்கிறது என்று பொருள். ரூலெட் மேசையில் பந்து சுழற்றி ஐந்து வருடம் ஆகிறது. இன்னும் அந்தப் படியில் கால் வைத்தால் அன்றைக்கு என்ன தப்பு செய்தேன் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன். இந்த முறை விஷயம் வேறு. கேசினோவுக்கு முதல் தடவை வருகிறவர்களுக்கு ஒரு துண்டறிக்கை வேண்டுமாம். எப்படி நடந்துகொள்வது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது.

"நிறைய பேர் வாசல் வரைக்கும் வர்றாங்க. எட்டிப் பாத்துட்டுத் திரும்பிடுறாங்க. அசிங்கப்பட்டுருவோமோன்னு கூச்சம். அந்தக் கூச்சத்தை எடுத்துடு, பிரானி. உனக்குத்தான் எழுத வருமே."

எழுத வருமே என்றதும் குளிர்ந்துபோனேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

செருவிடம் சொன்னேன். ஃபிஜிக்காரன், பக்கத்து மேசை. "டிப்ஸ்னு மட்டும் தலைப்பு போட்டுறாத. நாம டிப்ஸ் வாங்கினா சீட்டு கிழிஞ்சுடும்" என்றான்.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மாவை வைத்து ஒத்திகை பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் கேசினோவுக்குள் வந்ததே இல்லை. ஒருமுறை நான் மறந்த ஷூவைக் கொண்டுவந்தவள் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். அங்கே எப்படி நிற்பதென்றே தனக்குத் தெரியாது என்றாள். அவளுக்குப் புரியும்படி எழுதிவிட்டால் யாருக்கும் புரியும்.

சாப்பாட்டு மேசையில் பச்சைத் துண்டை விரித்தேன். சட்டைப் பொத்தான்கள்தான் பந்தயச் சில்லுகள். பணத்தை எங்கள் கையில் தரக்கூடாது, மேசையில் வைக்க வேண்டும். நாங்களும் கையில் தரமாட்டோம். "இனி பந்தயம் வைக்காதீர்கள்" என்று சொன்ன பிறகு விரல் மேசைக்கு மேலேயே வரக்கூடாது. ரப்பர் செருப்பு கூடாது. தோற்றால் பந்து சுழற்றுபவளைத் திட்டக்கூடாது. (திட்டுவார்கள்.) அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டாள்.

பிறகு அவள் முன்னால் சாப்பாட்டை வைத்த நான் வழக்கம்போல் கையை ஒரு தட்டு தட்டி, இரண்டு உள்ளங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டேன். மேசையை விட்டு விலகும்போது எதையும் எடுக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டுவது. வீட்டிலும் வந்துவிடுகிறது.

"ஏண்டி, சாப்பாடு போட்டுட்டு திருடலன்னு சத்தியம் பண்ற?" என்று சிரித்தாள். எங்கள் நாய் நகெட் மேசைக்கடியில் வாலை அடித்தது. நல்ல மாலை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அச்சாகி வந்துவிட்டது. பளபளவென்று. நூலகம், மருத்துவமனை வரவேற்பறை, ஓய்வூதியக்காரர் சங்கங்கள் எல்லா இடத்துக்கும் போகிறதாம். என் சொற்கள் அப்படியே இருக்கின்றன, கடைசி வரி தவிர. "உள்ளே கடிகாரம் இல்லை. எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்பதை வாசலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தேன். காணோம்.

கேட்டேன். மரியாதைக் குறிப்பில் நேரத்துக்கு என்ன வேலை என்றான் லாக்லன். ஒரு காபி கூப்பன் கொடுத்தான். கையில் தரவில்லை, மேசையில் வைத்தான். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

அம்மா வந்தாள். அவள் புல்வெளியில் பந்து உருட்டி விளையாடும் சங்கத்திலிருந்து கேசினோவுக்கு ஒரு பஸ், மதியச் சாப்பாடு இலவசம். புது ஷூ. என் மேசையில் சொந்தக்காரர் ஆடக்கூடாது என்பது விதி. அதனால் செருவிடம் போய் உட்கார்ந்தாள். பண நோட்டை மேசைத் துணியில் வைத்தாள், கையை மடியில் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு சுரங்கக்காரன் கடைசி நொடியில் சில்லைத் தள்ளப் பார்த்தபோது, "தம்பி, சொன்னப்புறம் தொடக்கூடாது" என்று அவனுக்கே பாடம் எடுத்தாள்.

செரு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை.

மார்ச் 6, வியாழன்

மறுபடி பஸ்ஸில் வந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

செரு சொல்லத் தயங்கினான். நான் விடவில்லை. என் விடுமுறை நாட்களில் அம்மா தனியாகக் காரில் வருகிறாளாம். பஸ் கிடையாது, சங்கம் கிடையாது. "உங்கம்மாதான், ஆனா அந்த நாற்காலியில உட்காந்துட்டா வேற யாரோ மாதிரி இருக்காங்க, பிரானி."

நேரே அம்மாவிடம் போனேன். அடுப்பில் இறைச்சி ரோஸ்ட் வைத்துக்கொண்டிருந்தாள். மறைக்கவில்லை.

"பள்ளிக்கூடக் கேண்டீன்ல இருபத்தாறு வருஷம் பன் வித்தேன். வேலையை விட்ட மறுநாள் ஒருத்தனுக்கும் என் பேர் ஞாபகமில்ல. அங்க போனா 'வாங்க கிளெனிஸ், உக்காருங்க'ங்கிறாங்க. எப்படி இருக்கணும்னு நீதானே சொல்லிக் கொடுத்த?"

வருகிறவர் எல்லாருடைய பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடிப்பது போல் இருந்திருக்கும். சொல்லாதது மட்டும் என்ன?

மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பகல் இரண்டு மணி. மேற்பார்வைக்காரர் என் பின்னால் வந்து காதோரம் சொன்னார்: நிறுத்துமிடத்தில் உன் அம்மா கார், உள்ளே நாய், கண்ணாடியை உடைக்கப் போகிறார்கள். அந்த வெயிலில். மாற்று ஆள் வரும்வரை மேசையை விட முடியாது. வந்தான். ஒரு தட்டு தட்டி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினேன் — அந்த நேரத்திலும் காட்டினேன், அட, எத்தனை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள் என்னை — பிறகு ஓடினேன்.

வெளியே ஓடவில்லை. அம்மாவிடம் ஓடினேன். மேற்பார்வைக்காரர் காட்டிய மேசை, இருபதடி தூரம். நான் வேலையில் இருக்கும் நாளிலேயே வந்திருக்கிறாள், என் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால்.

"அம்மா, நகெட்டை கார்ல விட்டுட்டியா?"

தலையைத் தூக்கவில்லை.

"இருடி. பந்து சுத்துது."

பந்து சுத்துதாம். பந்து சுத்துதாம்.

காவலாளிகள் நகெட்டைத் தூக்கிவந்து நிழலில் போட்டிருந்தார்கள். நாக்கு தொங்கிக் கிடந்தது. நானும் ஒரு சமையல்காரரும் தண்ணீர் ஊற்றினோம். அம்மா வந்தபோது ஷூவுக்கடியில் கண்ணாடித் துகள் நொறுங்கியது. பத்து நிமிஷம்தான் ஆச்சு என்றாள். கேமராவில் பார்த்துவிட்டார்கள்: ஒன்றரை மணி நேரம். அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பத்து நிமிஷம் என்றுதான் நினைத்திருக்கிறாள்.

மார்ச் 26, புதன்

லாக்லன் வருத்தம் தெரிவித்தான். நாயின் பெயரைக்கூடக் கேட்டு வைத்திருந்தான். பிறகு துண்டறிக்கையின் அடுத்த அச்சில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான்: செல்லப் பிராணிகளை வாகனத்தில் விட்டுவராதீர்கள்.

அப்படியானால் கடிகார வரியையும் போடுங்கள் என்றேன்.

"அது வேற இது வேற, பிரானி. இது நாகரிகம் சம்பந்தப்பட்டது."

நாகரிகம். நாயை வேகவைப்பது நாகரிகக் குறைவு. வேகவைத்ததே தெரியாத அளவுக்கு ஒரு மனுஷியை உட்கார வைப்பது உபசரிப்பு. ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, சாப்பாடு இலவசம், பெயர் சொல்லி வரவேற்பு. கத்தினேன். நீயே எழுதிக்கோ என்றேன். கதவைச் சாத்தியபோது மாடி முழுக்கக் கேட்டது.

ஆனால் எழுதியது யார்? அம்மாவுக்கும் அந்த வாசலுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர் இருந்தது — எப்படி நிற்பதென்று தெரியாத கூச்சம். பச்சைத் துண்டை விரித்து, பொத்தான்களை அடுக்கி, ஒவ்வொரு செங்கல்லாக நான்தான் உருவினேன். ஒரு காபிக்கு.

மார்ச் 28, வெள்ளி

நகெட் இன்று தானாக எழுந்து தண்ணீர் குடித்தது.

ஏப்ரல் 2, புதன்

கேசினோவில் ஒரு படிவம் இருக்கிறது: என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே எழுதிக் கொடுப்பது. அம்மா தானாகக் கையெழுத்திட வேண்டும். எடுத்துவந்து காட்டினேன். "நான் என்ன திருடியா, படம் ஒட்டி வைக்க?" என்று நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

ஏப்ரல் 14, திங்கள்

துணி காயப்போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"நாய் டாக்டர் பேசிட்டிருந்தாரு இல்ல, அன்னிக்கு. பிழைக்குமா, பிழைக்காதான்னு. நான் எதை யோசிச்சேன் தெரியுமா? பந்து எந்த நம்பர்ல விழுந்திருக்கும்னு."

துணிக் கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு துண்டைக் கொடியில் போட்டுவிட்டு எடுத்தாள்.

"அந்தக் காகிதம் இன்னொண்ணு கிடைக்குமா?"

ஏப்ரல் 16, புதன்

காசாளர் கூண்டுக்குப் பக்கத்துச் சின்ன அறை. அங்கே கடிகாரம் இருக்கிறது, பார்த்தேன். அம்மா அந்தப் புது ஷூவைப் போட்டு வந்திருந்தாள். படம் எடுத்தார்கள். இனி அவளை உள்ளே பார்க்கும் ஊழியர் உடனே மேலே சொல்ல வேண்டும் என்று அங்கிருந்த ஊழியப் பெண் படித்துக் காட்டினாள்.

"இவளும் சொல்லணுமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள் அம்மா.

"எல்லா ஊழியரும், மேடம்."

"சொல்லுவியாடி?"

சொல்லுவேன் என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். அந்தப் பெண் பேனாவுக்குக் கையை நீட்டினாள். அம்மா அதைக் கையில் தராமல் மேசையில் வைத்து, விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நகெட்டின் கிண்ணத்தில் சாப்பாடு வைத்தாள். நிமிர்ந்து, கையை ஒரு தட்டு தட்டி, இரண்டு உள்ளங்கையையும் என் பக்கம் திருப்பினாள். சிரிக்கவில்லை. நகெட் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து இரண்டு கையையும் முகர்ந்து பார்த்தது.