கேட்டில் நின்றவர்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நான் நலம். உங்கள் இருமல் நின்றதா? மில்லில் பஞ்சுத் தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அறையில் இருப்பவர்கள் எல்லாரும் என் ஆபீஸ்காரிகள். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

சூப்பர்வைசர் உங்களை வெளியே போகச் சொன்ன கதையைப் போன வாரம் சொன்னீர்களே. "சங்கத்து ஆளுக அம்புட்டு பேரும் கேட்ல நின்னுட்டாக. செத்த நேரத்துல என்னைய உள்ள கூப்பிட்டாக" என்று சிரித்தீர்கள். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

இங்கே பெங்களூரில், பக்கத்து சீட் வின்சியை எச்.ஆர். கூப்பிட்டு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். நாங்கள் இருபது பேரும் கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை. அவள் வேலையும் இப்போது என் தலையில்தான்.

உங்கள் சங்கத்தைக் கேலி செய்தவள் நான். பிடிக்காத ஸ்டிரைக்கிலும் நீங்கள் உட்கார வேண்டியிருந்தது. சீனியாரிட்டி பேசச் சங்கம் இல்லாததால்தான் நான் இரண்டே வருடத்தில் டீம் லீட் ஆனேன். இப்போது எனக்காகக் கேட்டில் நிற்க ஓர் ஆள் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை எச்.ஆர். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். சும்மா பேசத்தானாம், பயப்படாதீர்கள்.

பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். ஆபீஸ் கேப் வந்துவிட்டது. ஒன்று மட்டும் உங்கள் சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். சங்கம் தொடங்கிய அன்று, முதல் ஆள் இரண்டாவது ஆளிடம் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார்?

சப்ரீன்