நான் மாற்றிச் சொன்ன கேள்வி

மே 6, 2025, செவ்வாய்

இன்று ஒன்பதாம் வகுப்புக்கு முதலாம் உலகப் போர். மேசைகளைக் கவிழ்த்து அகழி அமைத்தோம். முதல் சுற்றில் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டேன். எதிரணி கசக்கிய காகிதங்களை எறிந்தே எல்லோரையும் வீழ்த்தியது. இரண்டாம் சுற்று 1918. ஜேர்மனியரின் அதிரடிப் படை மாதிரி ஐந்தைந்து பேராகப் பிரித்தேன். வரிசை கிடையாது. தவழ வேண்டும், பலமான இடத்தை விட்டு விலகி, இடைவெளி பார்த்து நுழைய வேண்டும். பதுங்குகுழியை அடைந்ததும் குண்டை முதலில் எறி, பிறகு எட்டிப் பார். வினுஷாவின் அணி இரண்டே நிமிடத்தில் வென்றது. ரோவிலில் இருக்கும் வீடு வரை பாடிக்கொண்டே கார் ஓட்டினேன்.

மே 8

இந்தப் பாடத்தை மற்ற ஆசிரியர்களுக்கும் செய்து காட்டச் சொல்கிறார் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஹெலன். பெருமைதான், மறைப்பானேன்?

மே 14, புதன்

பெற்றோர் சந்திப்பு. வினுஷாவின் அம்மா புஸ்பராணி டண்டினொங்கில் மரக்கறி பொதியிடும் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். ஹெலன் என் பக்கத்தில் இருந்தார். புஸ்பராணி மெதுவாகத்தான் கேட்டார்:

"ரீச்சர், குண்டை எறிய முதல் உள்ளுக்கு ஆர் இருக்கினம் எண்டு பாக்கச் சொல்லிக் குடுக்கேல்லையோ? ஊரிலை சண்டை நேரம் நாங்கள் பங்கருக்கை இருந்தனாங்கள். ஆரும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் என்ர தங்கச்சி இண்டைக்கு இருந்திருப்பாள்."

ஹெலனுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

வீட்டுப்பாடம் கூடவா என்று கேட்கிறார் என்றேன், ஆங்கிலத்தில்.

வினுஷா தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இரண்டு மொழியும் தெரியும். என்னையே பார்த்தாள்.

சீ.

மே 15

ஏன் அப்படிச் சொன்னேன்? பாராட்டுப் போய்விடும் என்று. அவ்வளவுதான். ஒரு பெண் செத்துப்போனதை வீட்டுப்பாடம் ஆக்கிவிட்டேன். நான் எட்டு வயதில் இந்த நாட்டுக்கு விமானத்தில் வந்தவள். பங்கரைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டினேன்! வெட்கமாக இருக்கிறது.

மே 19, திங்கள்

புஸ்பராணி பள்ளி வாசலில் காத்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நீங்கள் மாத்திச் சொன்னனீங்கள் எண்டு மகள் சொன்னவள். நல்லதாப் போச்சு ரீச்சர். நான் ஏதோ யோசியாமல் கேட்டுப்போட்டன். எங்கட விசா இன்னும் சரிவரேல்லை, முறைப்பாடு எண்டு எழுதினால் கரைச்சல். எங்களுக்காகத்தானே மாத்தினனீங்கள்?"

"ஓம்" என்றேன்.

எப்படி வாய் வந்தது எனக்கு?

மே 20

வகுப்பு முடிந்ததும் வினுஷா நின்றாள். அம்மா உங்களை நம்புகிறா மிஸ், நான் நம்பவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 22

புஸ்பராணியின் எண்ணை இரண்டு முறை எடுத்தேன். அழுத்தாமல் வைத்துவிட்டேன்.

மே 23, வெள்ளி

காலையில் புஸ்பராணிக்குப் போன் எடுத்தேன். "உங்களுக்காக இல்லை அக்கா, எனக்காகத்தான் மாத்தினனான். பொய்தான் சொன்னனான்" என்றேன். விசாவுக்கு இதனால் ஒன்றும் வராது, ஹெலனிடம் உண்மையைச் சொல்ல விடுவீர்களா என்று கேட்டேன். "சொல்லுங்கோ" என்றார். உடனே வைத்துவிட்டார்.

ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. அந்த விளையாட்டு இனி இல்லை என்றார். இனிமேல் நான் எந்தப் பெற்றோருக்கும் மொழிபெயர்க்கக் கூடாது. இரண்டும் நியாயம்தான். ஆனாலும் காருக்குள் இருந்து அழுதேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மறுபடி பெற்றோர் சந்திப்பு. மேசை நடுவில் போன். அதில் எங்கேயோ இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் குரல். இரண்டு தமிழ்ப் பெண்கள் எதிரெதிரே இருந்து அந்தப் போனைப் பார்த்துப் பேசினோம். புஸ்பராணி மகளின் சோதனைப் புள்ளிகளைப் பற்றிக் கேட்டார். குரல் அதை ஆங்கிலத்தில் சொல்லும்வரை காத்திருந்து, நானும் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வினுஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரீச்சருக்கு வேறை ஏதும் சொல்லவேணுமோ, அம்மா?" என்று மொழிபெயர்ப்பாளர் கடைசியில் கேட்டார்.

புஸ்பராணி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்லைத் தம்பி. நான் சொல்லுறது அவவுக்கு எல்லாம் விளங்கும்."

மொழிபெயர்ப்பாளர் அதையும் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார், ஒரு சொல்லும் மாற்றாமல்.