இந்த ஊர் வெயில்

அன்புள்ள டீச்சருக்கு,

நான் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

பத்து நாளாக நீ போனை எடுக்காததாலும் செய்தி எதுவும் அனுப்பாததாலும் எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் இன்னொரு வருடம் இங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போட்டது என் தப்புதான்.

வெள்ளிக்கிழமை மொட்டைமாடியில் ஏசி பழுது பார்க்கும்போது லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதே. கீழே ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். அங்கே வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் ஊர்ப் படித்தவர்கள் கூடி, பூமி சூடாவதிலிருந்து சமூகம், கடவுள் வரை அலசுகிறார்களாம். "தன்னைத் தாண்டிப் போறதுன்னா என்ன?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்த பேராசிரியர், என்னையும் விடவில்லை.

"பெரிசா ஒண்ணும் தெரியாதுங்க. என் வீட்டுக்காரி அவ ஊர் வெயிலைப் பார்க்க மாட்டா. தினமும் காலைல இந்த ஊர் வெயிலை போன்ல பார்த்துட்டு, 'தண்ணி எடுத்துட்டுப் போங்க'ன்னு அனுப்புவா," என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை எழுதிக்கொண்டு, "இன்னைக்கு என்ன அனுப்பினாங்க?" என்று கேட்டார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

யாராவது இங்கே வந்தால், தலையில் கட்டிக்கொள்ள உன் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்துவிடு. புதுத்துணி வியர்வையை உறிஞ்சுவதில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நாளைக்கு இங்கே வெயில் எப்படி என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் மெக்கானிக்