ஜுலைகாவின் இரண்டு கன்னமும்

மச்சான்,

நீங்கள் பகல் தூக்கத்தில் இருப்பதால் எழுப்ப மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நீங்கள் அறைந்ததால்தான் ஜுலைகாவின் கன்னம் வீங்கியது என்று மூன்று நாளாக உங்களோடு பேசாமல் இருந்தேன். இன்று மறு கன்னமும் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. நம் தெருவில் இருக்கும் புதுச்சேரிக்கார டாக்டர் காதடியைத் தொட்டுப் பார்த்து, "பொன்னுக்கு வீங்கிம்மா, பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்" என்றார். அதனால் கைக்குழந்தையை டிராமில் சீனர்கள் வாழும் சோலோன் பேட்டைக்குக் கொண்டுபோய் அக்காவிடம் விட்டுவிட்டு மாலையில் வருகிறேன்.

ஜுலைகாவால் மெல்ல முடியவில்லை; கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுங்கள். புளிப்பு கொடுத்தால் வலிக்கும். தெருப் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

"உம்மா, வாப்பா மெதுவாத்தான் அடிச்சாங்க" என்று அவள் அன்றே சொன்னாள். நான்தான் நம்பவில்லை.

நஸீம்

பி.கு.: மெதுவாக அடித்தாலும் அடிதான். எழுந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்களிடம் நான் வந்து கேட்கிறேன்.