கப்பலேறிய காமன்

நண்பா,

இன்று மத்தியானம் மழை விட்டதும் வரட்டி எரிகிற வாசனை வந்தது. எதையும் சரிபார்க்காமல் நம்புகிறவன் இல்லை நான் என்பது உனக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகப் பார்த்து வந்தேன். எல்லார் வீட்டிலும் காஸ் அடுப்பு. ஒரு வீட்டுப் பின்கட்டில் மட்டும் காய்ந்த தேயிலைக் குச்சியை எரித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டகலைக் கடைவீதிப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களே இப்போது இல்லை. வரட்டிக்கு எங்கே போவது? திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசனை என் சட்டையில் இருந்தது.

மாசியாக இருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். இது ஆடி. ஆடியில் இந்த வாசனையை என் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் முகர்ந்திருக்கிறேன். அன்று நீ சேலை கட்டி, கூந்தலை அவிழ்த்து, பெரிய பங்களாவின் புல்வெளியில் நின்றாய்.

உன்னை நேற்று அடக்கம் செய்தோம். நாளை பால் தெளிப்பு. "மூணாம் நாளு நீ வந்து கூப்பிடு, சும்மா கூப்பிட்டுத்தான் பாரேன்" என்று கடைசி நாட்களில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாய். "நீ எந்திரிச்சு வந்துட்டா?" என்று கேட்டேன். "நீ ஓடிருவே" என்றாய். அந்தச் சிரிப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நீ உண்மையாகவே கேட்டதாகத்தான் தோன்றுகிறது. கூப்பிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் ஆபீஸ் கிளாக்கர். நீ தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்து வாட்டுகிறவன். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த காம்பரா அறையில் பிறந்தவர்கள். நாலு பேர் இருந்தால் என்னைக் "கிளாக்கரய்யா" என்பாய். யாரும் இல்லாவிட்டால் "டேய் பயந்தாங்கொள்ளி".

மாசி வந்தால் நீதான் காமன் கூத்தில் ரதி. மற்றத் தோட்டங்களில் காமனுக்கும் ஆள் வேடம் கட்டுவார்கள். நம் தோட்டத்தில் காமன் ஒரு மரப்பொம்மை. திருச்சிப் பக்கமிருந்து வந்த நம் பாட்டன்மார் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்தது. சிவனின் கோபத்தில் காமன் எரிகிற கட்டத்தில் வைக்கோலையும் வரட்டியையும் கொளுத்திவிட்டு, பொம்மையை வெள்ளைத்துணியில் சுற்றிக் கிடத்துவோம். நீ தலைவிரிகோலமாக ஒப்பாரி வைப்பாய். மூன்றாம் நாள் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீயே எழுப்புதல் பாட்டைப் பாடிக் காமனை எழுப்புவாய். அதுவரை உன் கையில் காப்புக் கயிறு இருக்கும். காப்பு இருக்கிறவரை நீ ரதி. உன் வீட்டுப் படி ஏறக்கூடாது, பெண்டாட்டி கையால் சோறு வாங்கக்கூடாது. கோயிலோரக் கொட்டிலில்தான் படுக்கை.

சோவியத் நாட்டோடு இலங்கை தூதரக உறவு வைத்துக்கொண்ட புதிது. அதுவரை நமக்குத் தெரிந்த தூரதேசம் லண்டன் ஒன்றுதான். இனி நம் தேயிலையை அந்தப் பனிநாட்டுக்காரர்களும் வாங்கப்போகிறார்கள், அங்கே ஒரு பெரிய பித்தளைப் பாத்திரத்தில் நாள் முழுக்கத் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் என்று பத்திரிகையில் படித்து உனக்குச் சொன்னேன். "அம்புட்டுக் குளிரா? அப்ப நமக்குக் குடுக்கிற கம்பளிய அவங்களுக்கு அனுப்பிராதீங்கடா" என்றாய்.

ஆடி மாதம் அவர்களுடைய தூதுக்குழு ஒன்று தோட்டத்தைப் பார்க்க வந்தது. கலாசார உறவும் வேண்டுமாம். மக்களின் ஆட்டம் பாட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். காமன் கூத்துப் போடும்படி துரை பெரிய கங்காணியிடம் சொல்லிவிட்டார்.

கூத்து வாத்தியார் கோபத்தில் துள்ளிக் குதித்தார். "ஆடியில காமன எரிக்கிறதா? எந்த ஊரு நாயம்ங்க இது?"

"அட, சாமியெல்லாம் வேணாம்ப்பா" என்றார் பெரிய கங்காணி. "வேசத்தக் கட்டி ரெண்டு பாட்டுப் பாடிட்டு வாங்க. தொரைக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

நீ அப்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "காப்புக் கட்டாம எனக்குப் பாட வராதுங்க. பாடச் சொன்னா கட்டிக்கிட்டுத்தான் பாடுவேன்." கட்டிக்கொண்டாய்.

விருந்தாளிகளில் இரண்டு ஆண்கள், ஒரு பெண். அவர்களுடைய பேச்சை ஒருவர் ஆங்கிலமாக்குவார். அதை நான் தமிழாக்க வேண்டும். அந்தப் பெண் ஓர் ஒலிப்பதிவு இயந்திரத்தைப் புல்வெளியில் வைத்து, நாடாச் சக்கரங்களைச் சுழலவிட்டாள். வரட்டி புகைந்தது. பொம்மையை மூடினார்கள். நீ பாடத் தொடங்கியதும் கீழ்மலையிலிருந்து மூடுபனி ஏறி வந்து பங்களா வாசல்வரை நிரம்பியது. உன்னைக் காணவில்லை. குரல் மட்டும்.

துரை என்னைப் பார்த்தார். "கணவனை எழுந்திருக்கச் சொல்லி அழுகிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது அடுத்தவர் வாய்க்குப் போகும் முன்பே அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கணவன் யுத்தத்தில் செத்தவன் என்று பிறகு தெரிந்தது. பாட்டு முடிந்ததும் அவள் கேட்ட ஒரே கேள்வி, ஆங்கிலமாகி என்னிடம் வந்தது: "அவன் எழுவானா?"

"மூன்றாம் நாள் எழுப்புவோம்" என்றேன்.

அவள் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, திரும்ப ஓடவிட்டாள். புல்வெளியில் நீ வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய். உன் ஒப்பாரி பெட்டியிலிருந்து வருகிறது. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் பின்வாங்கினார்கள். "ஆத்தாடி, ரெண்டு பேரு இருக்காங்கடி!" என்றாள் ஒருத்தி. "இனிமே காலைப் பெரட்டுல ஆளெண்ணும்போது உனக்கு ரெண்டு பேரு போடணும்டா" என்று பெரிய கங்காணி சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உன் கை தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தது.

துரைக்கு மகா சந்தோஷம். வெள்ளைத்துணியோடு கிடந்த காமனை எடுத்து, இரு நாட்டு நட்பின் அடையாளம் என்று சொல்லி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டார். மூன்றாம் நாள் சடங்கு இருப்பதைச் சொன்னேன். "வேறொன்று செய்துகொள்ளச் சொல்" என்றார். அவள் பொம்மையைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு காரில் ஏறினாள். பொம்மையின் முகம் மூடியே இருந்தது. எரிந்து செத்த நம் காமன் எழுப்பப்படாமலே கப்பல் ஏறினான்.

மூன்றாம் நாள் வாத்தியார் மஞ்சள் தண்ணீரை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்தார். "யார எழுப்புறது?" ஆசாரியிடம் சொல்லிப் புதுப்பொம்மை செய்வித்தார்கள். அதை உன் முன்னால் கிடத்தி, துணியை விலக்கினார்கள். வெகுநேரம் பார்த்தாய். "இது அவரு இல்லீங்க" என்று மட்டும் சொன்னாய், பிணத்தை அடையாளம் பார்க்கப் போனவன் சொல்வதுபோல. காப்பை அவிழ்க்க உன்னால் முடியவில்லை.

பகலில் வழக்கம்போல மேல்மாடியில் கொழுந்து உதறினாய். பொழுது சாய்ந்தால் கொட்டில். ஆடி போய், ஆவணி போய், புரட்டாசியும் போயிற்று. உன் மனைவி சோற்றைச் சமைத்துப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்புவாள். ஒருநாள் அவளே வந்து கொட்டில் வாசலில் நின்றாள்.

"செத்துப்போன பொம்மைக்கு நீங்க தாலியறுத்துட்டு உக்காந்திருக்கீங்க. உசுரோட இருக்கிற புருசனுக்கு நான் தாலியறுக்கணுமா? கிளாக்கரய்யா, நீங்களாச்சும் சொல்லுங்க!"

ஆங்கிலத்தைத் தமிழாக்கத் தெரிந்தவனுக்கு இதை எதுவாக்குவது என்று தெரியவில்லை. நீ அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ரதியாகவே உட்கார்ந்து, முந்தானையே இல்லாத தோளில் முந்தானையை இழுத்துவிட்டாய். "இப்படியே போனா என் வீட்டு ஆளு திரும்ப மாட்டாரு" என்று போகும்போது சொன்னாள். எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது.

ஐப்பசியில் ஒரு மாலை, சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தோம். கடைக்கார முஸ்லிம் நானா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். இரைச்சலுக்குள்ளிருந்து தமிழ் வந்தது. எழுத்து எழுத்தாக நடக்கிற, வெளிநாட்டுக்காரர் தமிழ்; சோவியத் நாட்டு வானொலி. இலங்கைத் தேயிலைத் தோட்ட மக்களின் பாடல் என்று அறிவித்தார்கள். பிறகு உன் குரல்.

நானா திரும்பிப் பார்த்தார். "என்னா தம்பி, நீங்க எப்ப கப்பலேறிப் போயிட்டு வந்தீங்க?"

ஒப்பாரி, புல்வெளியில் நின்ற அதே இடத்துக்கு வந்தது. அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அந்தக் குரல் தொடர்ந்தது:

உறங்கினது போதுமய்யா, ஊருவெளக்கு ஏத்தியாச்சு,
எழுந்திரும், என் ராசா, எழுந்திரும்.

எழுப்புதல் பாட்டு. அன்று புல்வெளியில் யாரும் பாடாத பாட்டு. ஒத்திகையில் பதிந்திருப்பார்களோ என்று உடனே யோசித்தேன். ஒத்திகை நடந்தபோது அவர்கள் கொழும்பைவிட்டே புறப்படவில்லை. வேறு தோட்டத்தில் வேறு யாராவது பாடியிருக்கலாமே என்றும் யோசித்தேன், குரல் உன்னுடையது. "நீ பாடினியா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாய். நானா பயந்துபோய் ரேடியோவை அணைத்தார். அணைத்த பிறகும் பாட்டு சற்று இழுத்தது. பழைய ரேடியோக்கள் அப்படித்தான், உடனே நிற்காது. ஆனாலும் அவ்வளவு நேரம் இழுத்திருக்கக்கூடாது.

கடை வாசலிலேயே நீ காப்பைப் பல்லால் கடித்து அவிழ்த்தாய். "எழுப்பிட்டாங்கடா" என்றாய். கயிற்றை என் சட்டைப்பையில் திணித்தாய். "நீ வச்சிரு. என்கிட்ட இருந்தா மறுபடி கட்டிக்குவேன்."

லயத்துக்கு வந்தபோது உன் மனைவி கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து கேட்டாள்: "வர்றது யாரு, ரதியா, எங்க வீட்டு ஆளா?"

"பசிக்குது புள்ள" என்றாய்.

அவள் அழுத சத்தம் கேட்டது. நான் மெல்ல நகர்ந்துவிட்டேன்.

அடுத்த மாசியில் நீ வேடம் கட்டி வாயைத் திறந்தாய், காற்றுதான் வந்தது. பேச்செல்லாம் சரியாக இருந்தது, பாட்டு மட்டும் இல்லை. வைத்தியர் நெல்லிக்காய் கொடுத்தார். நீ என்னிடம் தனியாகச் சொன்னாய்: "போகலடா, இருக்கு. அங்க இருக்கு. அவர எழுப்ப யாராச்சும் அங்க இருக்கணும்ல?" அதன்பின் நம் தோட்டத்தில் ரதிக்கு வேறு ஆள். நீ கூட்டத்தின் பின்னால் நின்று, எல்லா அடிகளுக்கும் உதடு மட்டும் அசைப்பாய். கடைசி மாசிவரை அப்படித்தான்.

இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை. வாசனை இன்னும் போகவில்லை.

மறுநாள், மாலை.

பால் தெளித்துவிட்டு எல்லோரும் மலையிறங்கிவிட்டார்கள். முழங்கால் வலிக்கிறது, மெதுவாக வருகிறேன் என்று சொல்லிப் பின்தங்கினேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து உன் காப்புக் கயிற்றை எடுத்தேன். மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. காப்புக் கட்டாமல் பாட வராது என்பாயே. ஒரு கையாலும் பல்லாலும் ஒருவழியாகக் கட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில்கூடக் கூட்டத்தோடு வாயசைத்தவன் நான். பாடப் போகவில்லை. பெயரை மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

மூடுபனி ஏறி வந்தது. கல்லறைகள் மறைந்தன. வாயைத் திறந்தேன்.

நீ எழவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை, நண்பா. முழுப்பாட்டும் வந்தது, ஓரிடத்தில்கூடத் தடுக்காமல். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் நீ வாங்குகிற மாதிரியே மூச்சு வாங்கிற்று. கீழே போய்க்கொண்டிருந்தவர்களில் உன் மனைவி மட்டும் நின்று மேலே திரும்பிப் பார்த்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அங்கே காமன் இனி உறங்கமாட்டான் போலும். வேலை முடிந்து உன் குரல் ஊர் திரும்பியிருக்கிறது. இத்தனை கடல் தாண்டி வந்ததற்கு உன்னைத்தான் தேடியிருக்கும். கிடைத்தது நான்.

மலையிறங்கியதிலிருந்து யாரோடும் பேசவில்லை. தேநீர் வேண்டுமா என்று மருமகள் கேட்டாள்; தலையாட்டினேன். வாய் வழியாக அது போய்விடக்கூடாதே என்று இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்கிறேன். கயிறு கையில்தான் இருக்கிறது. மாசியில் தோட்டத்துக்குப் போய் ரதி வேடம் கட்டுகிறவன் யாரென்று விசாரித்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்து அதை அவனிடம் விட வேண்டும். அதற்கு இன்னும் பல மாதம் இருக்கிறது.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஓடவில்லை. அதுவரை உன் குரலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.